போர்முனைக்குப் போன கடிதங்கள்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் போர். ஆனால் பீரங்கியைப் பற்றியோ படைத்தளபதிகளைப் பற்றியோ பேச வரவில்லை. போருக்குப் போனவனுக்கு வீட்டில் இருந்தவர்கள் எழுதிய கடிதங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதம் நமக்குத் தெரியும். அதைத் தொகுத்து நூலாக்கியிருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். திரைப்படத்தில் பின்னணி இசையோடு படித்துக் காட்டுகிறார்கள். சரி, அந்தச் சிப்பாய் எந்தக் கடிதத்துக்குப் பதிலாக அதை எழுதினான்? அவனிடம் யார் என்ன கேட்டிருந்தார்கள்? குழந்தைக்குப் பல் முளைத்ததை அவனுக்கு யார் சொன்னது? மாடு விற்ற பணத்தில் எந்தக் கடனை அடைப்பது என்று அவனிடம் யோசனை கேட்டது யார்? இவற்றையெல்லாம் நாம் கேட்பதே இல்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. வீட்டுக் கடிதத்தை ஆறுதல் வார்த்தை என்ற அளவிலேயே நிறுத்திவிட்டோம். நான் இன்று வாதிடப்போவது வேறு. வீட்டிலிருந்து போன கடிதம் ஓர் உழைப்பு. தாயும் மனைவியும் தங்கையும் கிழத் தகப்பனும் செய்த உழைப்பு. கூலி இல்லை, பதக்கம் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அந்த உழைப்பின் மேல்தான் குடும்பம் நடந்தது. படையும் ஓரளவு நடந்தது. அரசுகள் அதை நம்பியிருந்தன. அதே அளவுக்கு அதைக் கண்டு பயந்தும் இருந்தன. இந்த உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் எழுதப்படும் போர் வரலாறு பாதி வரலாறுதான்.

சங்கப் பாட்டு படித்தவர்களுக்கு இந்தப் பிரிவு புதிதல்ல. முல்லைப்பாட்டில் அரசன் பாசறையில் இருக்கிறான், அரசி அரண்மனையில் இருக்கிறாள். புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் எண்ணி அவனுக்கு உறக்கம் வரவில்லை. இங்கே அவளுக்கும் உறக்கம் இல்லை. இருவருக்கும் இடையே ஒரு சொல்கூடப் போய்வரவில்லை. செய்தி வராத வீட்டில் என்ன செய்தார்கள்? முதிய பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் கொண்டுபோய்ப் படைத்து விரிச்சி, அதாவது நற்சொல், கேட்டு நின்றார்கள். தாய்ப்பசு வந்துவிடும் என்று கன்றைத் தேற்றிக்கொண்டிருந்த ஆயர்மகளின் வாய்ச்சொல்லை நல்ல நிமித்தமாக எடுத்துக்கொண்டார்கள். ஆண்கள் போருக்குப் போவதும் பெண்கள் காத்திருப்பதும் இப்படி மிகப் பழைய கதை. போனவனோடு வீடு வாரம் தவறாமல் பேசிக்கொண்டே இருந்தது அண்மைக்காலக் கதை. பள்ளிக்கூடமும் மலிவான தபாலும் ரயிலும் சேர்ந்த பிறகுதான் அது சாத்தியமாயிற்று. முதல் உலகப் போரில் அது எந்த அளவுக்குப் பெருகியது என்று பாருங்கள்.

லண்டனில் ரீஜென்ட்ஸ் பார்க் என்று ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே சுமார் 5 ஏக்கர் பரப்பில் ஒரு மரக் கொட்டகை போட்டார்கள். உலகத்திலேயே மிகப் பெரிய மரக் கட்டடம் அதுதான் என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். உள்ளே என்ன? ஆயுதமா? உணவு மூட்டையா? எல்லாம் கடிதம். போர்முனைக்குப் போகும் தபாலைப் பிரித்துக் கட்டும் இடம் அது. போர் முடியும் தறுவாயில் வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கடிதங்கள் அங்கே வந்து குவிந்தன. பிரித்துக் கட்டியவர்கள் சுமார் 2,500 பேர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போர் முடிவதற்குள் 200 கோடிக் கடிதங்களையும் 11 கோடிக்கு மேற்பட்ட பார்சல்களையும் அந்தக் கொட்டகை பார்த்துவிட்டது. லண்டனில் போட்ட கடிதம் பெரும்பாலும் 2 நாளில் பிரான்ஸின் பதுங்குகுழிக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு நம் கூரியர்காரர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் வெட்கப்படலாம். குண்டுகளும் ரொட்டியும் கொண்டுபோக வண்டி போதாமல் திண்டாடிய ஒரு படை, கடித மூட்டைக்கு மட்டும் இடம் ஒதுக்கிக்கொண்டே இருந்தது. இரக்கத்தால் அல்ல. கடிதம் வராத படை சோர்ந்துபோகும் என்று தளபதிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எதிர்ப்பக்கம் ஜெர்மனி. அங்கே அந்த நான்கு ஆண்டுகளில் போய்வந்த படைத் தபால் சுமார் 2,870 கோடி உருப்படிகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் நான் உங்கள் கவனத்தைக் கோருவது இன்னொரு கணக்கை. போர்முனையிலிருந்து வீட்டுக்கு வந்தது நாளொன்றுக்குச் சராசரியாக 68 லட்சம். வீட்டிலிருந்து போர்முனைக்குப் போனது 99 லட்சம். அதாவது வந்ததைவிடப் போனது அதிகம். ஆனால் காப்பகங்களில் இன்று இருப்பது எது? வந்தது. போனது எங்கே? மிகக் குறைவு. அதிகம் எழுதப்பட்டது அழிந்துபோயிற்று. குறைவாக எழுதப்பட்டது தங்கிவிட்டது. வரலாறு நமக்குச் செய்த இந்த ஓரவஞ்சனையைக் கவனிக்காமல் நாம் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

ஏன் அழிந்தது? சிப்பாயின் கடிதம் வந்து சேர்ந்த இடம் ஒரு வீடு. அங்கே பெட்டி உண்டு, பரண் உண்டு, அதை எடுத்து எடுத்துப் படிக்கும் ஒரு தாய் உண்டு. வீட்டுக் கடிதம் போய்ச் சேர்ந்த இடமோ சேறும் தண்ணீரும் நிறைந்த பள்ளம். முதுகுப் பையில் இடம் எவ்வளவு இருக்கும்? தாக்குதலுக்குக் கிளம்புமுன் பலர் கடிதங்களைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். எதிரி கையில் சிக்கினால் உறை மேல் இருக்கும் படைப்பிரிவின் பெயரே ஓர் உளவுச் செய்தி. அப்படியானால் தப்பிப் பிழைத்த வீட்டுக் கடிதங்கள் எவை? அவற்றில் ஒரு பகுதி, படிக்கப்படாத கடிதங்கள். ஆள் இறந்த பிறகு போய்ச் சேர்ந்து, உறையின் மேல் இறப்பைக் குறித்து, எழுதியவருக்கே திருப்பி அனுப்பப்பட்டவை. படித்த கடிதம் மண்ணோடு போயிற்று, படிக்காத கடிதம் காப்பகத்துக்கு வந்தது. பிரிட்டிஷ் அஞ்சல்துறை இதற்கென ஓர் ஒழுங்கே வைத்திருந்தது: இறப்புச் செய்தி முறைப்படி குடும்பத்துக்குப் போய்ச் சேருமுன் திரும்பிய கடிதம் அவர்கள் கைக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டார்கள்.

"சரி ஐயா, அழிந்துபோனதைப் பற்றி என்ன பேசுவது? இல்லாத ஏட்டை வைத்து வரலாறு எழுத முடியுமா?" என்று இங்கே யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. பக்கத்து இருக்கையில் ஒருவர் தொலைபேசியில் பேசுகிறார். மறுமுனைக்காரர் குரல் நமக்குக் கேட்பதில்லை. ஆனாலும் அவர் சொல்லும் பதிலைக் கொண்டு அங்கே என்ன கேட்டிருப்பார்கள் என்று நாம் ஊகித்துவிடுகிறோம் அல்லவா? அந்த முறைக்கு மிகச் சிறந்த களம் நம் நாட்டுச் சிப்பாய்களின் கடிதங்கள்.

1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் படைகள் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. அந்தப் போர்முனைக்கு மட்டும் சுமார் 1,40,000 இந்தியர்கள் போனார்கள். பஞ்சாபிகள், பட்டாணியர், கூர்க்கர், கார்வாலியர், ராஜபுத்திரர். அடுத்த மாதமே அவர்களுடைய தபாலைத் தணிக்கை செய்ய ஒரு தனி அலுவலகம் ஏற்பட்டது. அதன் தலைவர் ஈவ்லின் ஹாவெல், இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரி. பூலோன் நகரத்தில் இயங்கிய அந்த அலுவலகம் போகிற கடிதத்தையும் படித்தது, வருகிற கடிதத்தையும் படித்தது. 1915 தொடக்கத்தில் சிப்பாய்கள் எழுதியது மட்டுமே வாரத்துக்கு 10,000 முதல் 20,000 வரை. உருதிலும் குர்முகியிலும் இந்தியிலும் எழுதப்பட்ட கடிதங்களிலிருந்து சில பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, அறிக்கையாக்கி மேலிடத்துக்கு அனுப்பினார்கள். மூலக் கடிதங்கள் பெரும்பாலும் போய்விட்டன. தணிக்கைக்காரன் பெயர்த்து வைத்தது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வேவு பார்க்க வந்தவன்தான் கடைசியில் ஏடு காத்தவன் ஆனான்!

அந்த அறிக்கைகளில் போரின் கொடுமை இருக்கிறது. நேரடியாகச் சொன்னால் வெட்டிவிடுவார்கள் என்று, கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது, சிவப்பு மிளகு இன்னும் இருக்கிறது என்ற பாணியில் இந்தியச் சிப்பாய்களையும் வெள்ளைச் சிப்பாய்களையும் குறிப்பால் உணர்த்திய தந்திரமும் இருக்கிறது. இதை எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். காட்டாமல் விடுவது மற்றதை. நிலத் தகராறு, அடமானம், வட்டி, பெண் பார்த்த செய்தி, தம்பி சொத்தைப் பிரிக்கச் சொல்கிறான் என்ற புகார், அனுப்பிய பணம் வந்ததா என்ற விசாரணை. பக்கம் பக்கமாக இவைதான். பிரான்ஸில் பதுங்குகுழிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவன் பஞ்சாபில் எந்த வயலை யாருக்குக் குத்தகைக்கு விடுவது என்று எழுதுகிறான் என்றால், அந்தக் கேள்வியை வீட்டிலிருந்து ஒருவர் அவனிடம் கேட்டிருக்கிறார். கேட்டவர் பெயர் அறிக்கையில் இல்லை. பதில் இருக்கிறது, கேள்வி அந்தப் பதிலுக்குள் இருக்கிறது.

அந்தக் கேள்வி சாதாரணக் கேள்வியா? குடும்பத்தின் மூத்த ஆண் ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இருக்கிறான். உயிரோடு திரும்புவானா தெரியாது. திரும்பாவிட்டால் இந்த நிலம் யார் கையில் நிற்கும் என்பதும் தெரியாது. அப்படியிருந்தும், "நீ சொல், உன் சொல்படி நடக்கிறேன்" என்று அவனைக் குடும்பத்தின் முடிவுகளுக்குள் இழுத்துவைத்துக்கொண்டே இருந்தார்கள். இதை வெறும் பாசம் என்று சொன்னால் போதாது. கூலிக்குச் சுடும் ஓர் எண்ணாக அவனை மாற்றிவிட ராணுவம் முயன்றது. நீ இன்னும் இந்த வீட்டுக் காராளன்தான், இந்தப் பெண்ணின் தகப்பன்தான் என்று கடிதம் அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. பிரான்ஸில் பெண்கள் படிப்பதையும் பண்ணை நடத்துவதையும் கண்ட சிப்பாய்கள் சிலர், நம் பெண்களையும் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஊருக்கு எழுதினார்கள். அந்தப் பேச்சு வளர இடம் இருந்ததும் இந்தப் போக்குவரத்தில்தான்.

இங்கே ஓர் ஆட்சேபணை வரும். அந்தக் கிராமத்துத் தாய்க்கு எழுதத் தெரியுமா? மனைவிக்குத் தெரியுமா? எழுதிக்கொடுத்தவர் பள்ளி ஆசிரியரோ, தபால்காரரோ, ஊரில் படித்த யாரோ ஒருவர். முகவரி சொன்னதும் அவர் பாட்டுக்கு "இங்கு அனைவரும் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல்" என்ற கணக்கில் நாலு வரி நிரப்பிக் கொடுத்திருப்பார். இதில் தாயின் குரல் எங்கே என்று கேட்கலாம். உண்மைதான், வாய்பாட்டு வாக்கியங்கள் நிறைய உண்டு. ஆனால் வாய்பாட்டில் அடங்காத ஒன்று எப்போதும் இருந்தது: விவரம். எந்த எருமை கன்று போட்டது, எவன் கடனைத் திருப்பிக் கேட்டான் என்பதை எழுத்தர் தம் கற்பனையால் எழுத முடியாது. சொன்னவர் சொன்னால்தான் உண்டு. மேலும், எழுத்தறியாமை அந்தக் கடிதத்தைச் சிறிதாக்கவில்லை, பெரிதாக்கியது. திண்ணையில் பத்துப் பேர் சூழ உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதிய கடிதம். அந்தப் பக்கம் பத்துச் சிப்பாய்கள் சூழ உட்கார்ந்து ஒருவன் உரக்கப் படித்த கடிதம். ஓர் ஊர் இன்னோர் ஊரோடு பேசியது. தணிக்கை அதிகாரி ஹாவெலே, இந்தக் கடிதங்களில் வெளிப்படையாக ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள், இவற்றை முழுமையாகத் தணிக்கை செய்வது நடக்கிற காரியம் இல்லை என்ற கருத்துப்பட எழுதினார். படித்த தணிக்கை அலுவலகத்தைப் படிக்காத கிராமம் வென்றுவிட்டது என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு பக்கத்துக் கடிதமும் சேர்ந்தே தப்பிப் பிழைத்த அதிசயம் எங்காவது உண்டா? உண்டு. பிரான்ஸின் தென்மேற்கே டோர்டோன் பகுதியில் ஓர் உழவர் குடும்பம். கணவர் போல் பிரோ, மனைவி மரி. போல் பீரங்கிப் படையில் இருந்தார். 1916-ல் வெர்தன் போர்முனையைப் பார்த்தார். மரி ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அதே ஆண்டு அவர்களுக்கு மகன் பிறந்தான். இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் பாரிஸை அடுத்த வேன்சேன் ராணுவக் காப்பகத்தில் இருக்கின்றன. மார்த்தா ஹன்னா என்ற வரலாற்றாசிரியர் அவற்றை வைத்து 2006-ல் ஒரு முழு நூலே எழுதினார். பெரிய குடும்பமும் இல்லை, எழுத்தாளர்களும் இல்லை. ஊர்ப் பள்ளியில் படித்த உழவர்கள். அந்தக் கடிதங்களைப் பற்றிப் படித்தால் பொதுவாகச் சொல்லப்படும் ஒரு கருத்து ஆட்டம் காண்கிறது. போரின் கொடுமையைச் சிப்பாய் சொல்லவில்லை, சொன்னாலும் வீட்டில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை, இரண்டு உலகங்களுக்கு நடுவே பெரிய சுவர் எழுந்துவிட்டது என்பார்கள். போல் சொன்னார். மரி கேட்டார், மேலும் கேட்டார், தன் கர்ப்பத்தையும் பிரசவ வேதனையையும் குழந்தையின் நோயையும் அதே நேர்மையோடு எழுதினார். ஒருவர் உடம்பு படும் பாட்டை மற்றவர் தெரிந்துகொண்டார். சுவர் இருந்தது என்பவர்கள், பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் சுவர் தெரியத்தான் செய்யும்.

எல்லாக் குடும்பமும் பிரோ குடும்பம் இல்லை என்பது சரி. மறைத்தவர்கள் உண்டு. பட்டினி கிடந்துகொண்டே வயிறார உண்கிறோம் என்று எழுதிய தாய்மார் எத்தனையோ பேர். ஆனால் வீட்டுச் செய்தியை எவ்வளவு நாள் மறைக்க முடியும்? ரொட்டி விலை, நிலக்கரித் தட்டுப்பாடு, காய்ச்சல், சாவு இவை ஒருநாள் எப்படியும் கடிதத்தில் தலைகாட்டிவிடும். அப்படித் தலைகாட்டியபோது நடந்ததுதான் அடுத்த செய்தி.

1916 முடிந்து 1917 பிறந்த குளிர்காலத்தில் ஜெர்மனியில் உருளைக்கிழங்கு பொய்த்தது. மக்கள் மாட்டுக்குப் போடும் ஒருவகைக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். மனைவிமார் கணவன்மாருக்கு அதை எழுதாமல் வேறு எதை எழுதுவார்கள்? எழுதினார்கள். உடனே அரசும் படைத்தலைமையும் பதறின. அந்தக் கடிதங்களுக்குப் "புலம்பல் கடிதம்" என்று பெயர் வைத்தார்கள். போர்முனைக்கு எப்படி எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்று பெண்களுக்கு அறிவுரை மழை பொழிந்தார்கள். தேவாலயப் பிரசங்கத்திலும் செய்தித்தாளிலும் அதே பாட்டு. ரொட்டி கொடுக்க வக்கில்லாத அரசு, ரொட்டி இல்லை என்று எழுதாதே என்று சொன்னது! ஒரு குடும்பப் பெண்ணின் நாலு பக்கக் கடிதத்தைக் கண்டு ஒரு பேரரசு அஞ்சியதைவிட அந்தக் கடிதத்தின் பலத்துக்கு வேறென்ன சான்று வேண்டும்?

பிரான்ஸிலும் அதே ஆண்டு. ஏப்ரலில் ஷெமென் தே தாம் பகுதியில் நடந்த தாக்குதல் தோற்றது. பிறகு படைப்பிரிவுகளில் ஏறத்தாழப் பாதியில் கீழ்ப்படியாமை பரவியது. அந்தச் சிப்பாய்கள் கேட்டவற்றுள் முக்கியமானது விடுப்பு. வீட்டைப் போய்ப் பார்த்துவர நாள் வேண்டும் என்றார்கள். பாரிஸில் தையல் வேலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்த செய்தியும் விலைவாசிச் செய்தியும் கடிதத்தில் வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தன. பிரெஞ்சுப் படைத்தலைவராகப் புதிதாகப் பொறுப்பேற்ற பெத்தேன், சிலரைச் சுட்டுக்கொல்ல உத்தரவிட்டவர்தான், ஆனால் விடுப்பு ஒழுங்காகக் கிடைக்கவும் வழிசெய்தார்: 4 மாதத்துக்கு 7 நாள். வீடு எழுதியதற்கும் படை கேட்டதற்கும் தொடர்பே இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இதற்கு நேர்மாறான ஆட்சேபணையும் இருக்கிறது. எனக்கு மிகவும் கடினமாகத் தோன்றுவது இதுதான். "இந்தக் கடிதங்கள் சிப்பாய்க்குத் தெம்பு கொடுத்தன. தெம்பு கொடுத்ததால் போர் நீண்டது. ஆகவே உங்கள் தாய்மாரும் மனைவிமாரும் தெரியாமலே போருக்கு எண்ணெய் ஊற்றினார்கள்" என்பது அந்த வாதம். இதில் பாதி உண்மை. அரசுகள் இலவசத் தபால் கொடுத்தது இதற்காகத்தான். இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாட்டில் உறையோ தபால்தலையோ இல்லாமல் முக்கோணமாக மடித்த தாளைக்கூடச் சும்மா கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆனால் அதே கடிதம் தெம்பையும் கொடுத்தது, தெம்பைக் குலைக்கவும் செய்தது. எழுதியவளின் கையில்தான் அது இருந்தது, அரசின் கையில் இல்லை. 1943-ல் நம் நாட்டு நிலையைப் பாருங்கள். வங்கத்தில் பஞ்சம், சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். மத்தியக் கிழக்கிலும் இத்தாலியிலும் இருந்த இந்தியச் சிப்பாய்கள், அவர்களில் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களும் ஏராளம், அரிசி விலையையும் துணித் தட்டுப்பாட்டையும் பசியையும் வீட்டுக் கடிதம் வழியாக அறிந்தார்கள். அனுப்பும் பணத்தால் தானியம் வாங்க முடியவில்லை என்று வீடு எழுதியது. யாருக்காகச் சண்டை போடுகிறோமோ அந்த ஆட்சி நம் பிள்ளைகளுக்குச் சோறு போடவில்லை என்ற எண்ணம் அங்கே எழுந்ததை ராணுவத் தணிக்கை அறிக்கைகளே கவலையோடு குறித்துவைத்தன. போருக்கு எண்ணெய் ஊற்றும் கடிதமா இது?

கடிதம் காயப்படுத்தியதும் உண்டு. அதையும் மறைக்க வேண்டாம். சோவியத் நாட்டில் விச்சுகா என்ற ஊர்ப் பெண் ஒருத்தி, தான் வேறொருவரோடு வாழப்போவதாகப் போர்முனையில் இருந்த கணவனுக்கு எழுதினாள். கடிதம் போனபோது அவன் இறந்திருந்தான். உடன் இருந்தவர்கள் அதைப் பிரித்துப் படித்தார்கள். கவிஞர் கான்ஸ்தந்தீன் சீமனவ் 1943-ல் அவளுக்கு ஒரு பகிரங்கக் கடிதமாகவே கவிதை எழுதி அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். சிப்பாய்களின் கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கவிதையில் அவள் பேசுவதில்லை. அவள் வாழ்க்கை என்ன, அவள் பட்டது என்ன என்று நமக்குத் தெரியாது. போர்முனையின் குரல் இலக்கியமாகிவிட்டது; வீட்டின் குரல் குற்றப்பத்திரிகையில் ஒரு வரியாக நிற்கிறது. நான் தொடக்கத்திலிருந்து சொல்லிவரும் ஓரவஞ்சனை இங்கேயும் இருக்கிறது.

இனி, இந்த உழைப்பை உழைப்பாகவே கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். 1945 பிப்ரவரி, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம். ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வீட்டிலிருந்து வந்த தபால் அங்கே தேங்கிக் கிடந்தது. எவ்வளவு? சுமார் 1 கோடியே 70 லட்சம் உருப்படிகள். கூரை முட்ட மூட்டைகள். சில மூட்டைகள் வந்து 2 ஆண்டு ஆகியிருந்தன. கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கேக்குகளை எலிகள் தின்றுகொண்டிருந்தன. படைப்பிரிவுகள் நாளுக்கு நாள் இடம் மாறியதால் யார் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. அமெரிக்க அரசு அந்த வேலைக்கு அனுப்பியது ஒரு பெண்கள் படையை: 6888-ஆவது மத்திய அஞ்சல் படை, 855 பேர், ஏறத்தாழ அனைவரும் கறுப்பினப் பெண்கள். தலைவி மேஜர் சாரிட்டி ஆடம்ஸ். தங்கள் நாட்டு ராணுவத்திலேயே தனி உணவுக்கூடம், தனி விடுதி என்று ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் அவர்கள்.

என்ன செய்தார்கள்? வெளிச்சம் வெளியே தெரியாதபடி மறைத்த ஜன்னல்கள். கணப்பு இல்லாத குளிர். இரவும் பகலும் மூன்று ஷிப்டு வேலை. ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஓர் அட்டை என்று சுமார் 70 லட்சம் அட்டைகளைப் பராமரித்தார்கள். ராபர்ட் ஸ்மித் என்ற ஒரே பெயரில் மட்டும் 7,500 பேர்! படை எண்ணை வைத்து ஒவ்வொருவரையும் பிரித்தார்கள். உறை மேல் செல்லப்பெயரை மட்டும் எழுதி, "அமெரிக்க ராணுவம்" என்று போட்டுவிட்ட வீடுகளும் இருந்தன. உள்ளே இருந்த துப்புகளைக் கொண்டு அவற்றுக்கும் ஆள் தேடினார்கள். ஒரு ஷிப்டுக்குச் சுமார் 65,000 உருப்படிகள். இறந்தவனுக்கு வந்த கடிதத்தை எடுத்துத் தனியே வைத்து, எழுதியவருக்குத் திருப்பி அனுப்பும் வேலையும் அவர்கள் கையில்தான் இருந்தது. 6 மாதம் ஆகும் என்று மதிப்பிட்ட வேலையை 3 மாதத்தில் முடித்தார்கள். பிறகு பிரான்ஸின் ரூவன் நகரத்துக்குப் போய் அங்கே தேங்கியிருந்ததையும் தீர்த்தார்கள். ஊர் திரும்பியபோது அவர்களுக்கு ஊர்வலம் இல்லை, மாலை இல்லை. அமெரிக்க நாடாளுமன்றம் தன் தங்கப் பதக்கத்தை அவர்களுக்கு வழங்கச் சட்டம் இயற்றியது 2022-ல். அதற்குள் அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

அந்தச் சட்டம் வர 77 ஆண்டு ஏன் ஆயிற்று? அவர்கள் கறுப்பினத்தவர் என்பது முதல் காரணம். அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் இன்னொன்றும் உண்டு. அவர்கள் கையாண்ட பொருள் கடிதம். அதுவும் வீட்டுக் கடிதம். அதைப் போர் வேலை என்று யாரும் எண்ணவில்லை. பீரங்கிக் குண்டு கொண்டுபோனவன் போர்வீரன். தாயின் கடிதத்தைக் கொண்டுபோனவள் குமாஸ்தா. எழுதியவளோ அந்தக் கணக்கிலும் வரவில்லை.

நண்பர்களே, இந்தக் கணக்கை நம் ஊரில் நாம் திருத்தலாம். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று முகவரி எழுதிய இன்லேண்ட் கடிதங்கள் அந்த வீடுகளிலிருந்து எல்லைக்குப் போயிருக்கின்றன. ஓய்வு பெற்று வந்தவரின் டிரங்குப் பெட்டியில், சான்றிதழ்களுக்கும் பதக்கத்துக்கும் அடியில், அவற்றில் சில இன்னும் இருக்கலாம். பதக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பீர்கள். அந்தக் கடிதங்களையும் எடுத்துப் பாருங்கள். எழுதியது அம்மாவா, மனைவியா, அக்காவா, யார் சொல்ல யார் எழுதியது என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, தேதியோடு ஒரு தாளில் குறித்து உடன் வையுங்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முன்னாள் படைவீரரைப் பேட்டி காணப் போனால், அவருக்குக் கடிதம் எழுதியவரையும் பேட்டி காணுங்கள், அவர் அடுப்படியில்தான் இருப்பார், கூப்பிட்டு உட்கார வையுங்கள். காகிதங்களை எடைக்குப் போடுமுன் பக்கத்தில் இருக்கும் நூலகத்தையோ ஆவணக் காப்பகத்தையோ ஒருமுறை கேளுங்கள்.